எனக்குத் தெரிந்த ஒரே இறந்தகாலம்

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் போய் வந்திருக்கிறேன். கப்பலில் இல்லை, பஸ்ஸில். நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் பிறந்து, தக்கலையில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, பருப்பும் தீயலும் தின்று காலம் தள்ளிய ஒரு சைவப் பிள்ளைக்குக் கடியப்பட்டணம் வெளிநாடுதான். தக்கலையிலிருந்து பத்து மைல் இருந்தால் அதிகம். முப்பத்தெட்டு வயது வரை அந்த மண்ணில் நான் கால் வைத்ததில்லை.

கூட வந்தவர் ஸ்பெயின் தேசத்து அம்மாள். அவர் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷ் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், மேலதிகாரியிடம் இங்கிலீஷ். எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் இந்த மூன்றும் தெரியும். தலைமைக் குமாஸ்தாவுக்குச் சமஸ்கிருதம் வேறு. நான் எதைப் பேசினாலும் பிழை பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். எவனும் பிழை பிடிக்க முடியாத ஒரு பாஷை எனக்கு வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் திருவனந்தபுரத்தில் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் 'ஸ்பானிஷ் தானே கற்கலாம்' என்கிற மாதிரி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கையில் சிக்கியது. முன்பாதியைக் கறையான் தின்றிருந்தது. பின்னாலும் பாக்கி வைக்கவில்லை. நடுவில் ஒரு கத்தைதான் உருப்படியாக இருந்தது.

அந்தப் பாஷையில் இறந்தகாலம் இரண்டு. 'வந்தான், தின்றான், செத்தான்' என்று காரியத்தை வெட்டி முடிப்பது ஒன்று. அது கறையானுக்குப் போயிற்று. நிகழ்காலமும் எதிர்காலமும் கூடவே போயின. மிஞ்சியது மற்றது. எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்ற பேச்சே கிடையாது, நடந்துகொண்டே இருந்தது என்று சொல்கிற காலம். 'அப்பெல்லாம் மாமா தினமும் வருவாரு, நாலு தோசை தின்பாரு' என்கிறோமே, அதேதான். வெனியா, கொமியா, தோர்மியா என்று பாதி வார்த்தை 'இயா'வில் முடிந்தது. வந்தியா, தின்னியா, உறங்குனியா என்று நாள் முழுக்கக் கேட்கிற எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிட எளிய பாஷை உண்டா? ஆறு மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். சாயக்கடையில் உட்கார்ந்து ஸ்பானிஷில் சாயா கேட்டேன். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

தம்பட்டம் கடியப்பட்டணம் வரை கேட்டிருக்கிறது. அங்கிருந்த புதுப் பங்குச் சாமியார் எங்கள் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். முன்பு அங்கே பங்குச் சாமியாராக இருந்து மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன ஸ்பெயின்காரர் அந்தோணிச் சாமியாரின் தங்கை வருகிறார். இனேஸ் என்று பெயர். தன் பாஷை தவிர ஒன்றும் தெரியாது. தங்கள் ஆபீசில் ஸ்பானிஷ் பண்டிதர் ஒருவர் இருக்கிறாராமே, மூன்று நாளைக்கு அனுப்ப முடியுமா? அதிகாரி சந்தோஷமாக என்னை அனுப்பினார். மூன்று நாள் ஆபீஸ் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"பண்டிதராம்லா," என்றாள் என் மனைவி சிவகாமி. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, கூஜாவில் தண்ணீர் ஊற்றித் திருகினாள். "கடப்புறத்துல பச்சத்தண்ணி குடிக்கப்பிடாது, கேட்டியளா? மீன் பட்ட பாத்திரமாக்கும். தாகம் எடுத்தா எச்சில முழுங்கிக்கிடுங்க."

முதல் நாள் காலை தக்கலை பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். கறுப்பு உடுப்பு, கறுப்புக் குடை, கையில் ஒரு முழ நீளத்தில் மரப்பெட்டி. நான் கைகூப்பி, ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

"உங்களைப் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷமாக இருந்துகொண்டிருந்தது."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போது இல்லையா?" என்று கேட்டார்.

கேள்வி புரிந்தது. பதில் சொல்ல நிகழ்காலம் வேண்டும். அது கறையானிடம் இருந்தது. "இருந்துகொண்டிருந்தது, இருந்துகொண்டிருந்தது," என்று இரண்டு தடவை தலையை ஆட்டினேன். பெட்டியை நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்; தரவில்லை. தொப்பி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

சாமியார் இந்தப் பக்கம் வந்த புதிதில் குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டக் கோயிலில் இரண்டு வருஷம் இருந்தாராம். அதை முதலில் பார்க்க வேண்டும் என்றார் அம்மாள். போனோம். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தினேன். அம்மாள் ஒரு ஷீட்டை முகத்தோடு வைத்து மோந்தார். "அவன் கடிதத்தில் இந்த வாசனை அடிக்கும்," என்றார். ஒரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொடுத்தார்கள். அம்மாள் கண்ணில் நீர் வடிய வடிய இரண்டாம் முறை வாங்கித் தின்றார். நான் மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தேன். வெளிநாட்டுக்காரர் யார் என்று வழியில் போகிறவன் கேட்டால் என்னைத்தான் கைகாட்டியிருப்பான்.

திரும்பும்போது வினை வந்தது. பஸ்ஸைக் காணோம். "எப்போது வரும்?" என்று கேட்டார். நான் தைரியமாக, "பஸ் இங்கே வந்துகொண்டிருந்தது," என்றேன். முன்னொரு காலத்தில் வரும், இப்போது நின்றுவிட்டது என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் குடையை விரித்து, பெட்டியை இடுக்கிக்கொண்டு தக்கலையைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார். நான் கூஜாவும் சோற்று மூட்டையுமாகப் பின்னால் ஓடினேன். அரை மைல் போனதும் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. கைகாட்டினோம், நிற்கவில்லை. அம்மாள் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிச்ச வழியை ரப்பர் ஏற்றிப்போன லாரியில் கழித்தோம். அந்த நாற்றம் என் சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது.

இரண்டாம் நாள் தக்கலையிலேயே. சாமியார் மாதம் ஒரு தடவை கடியப்பட்டணத்திலிருந்து நடந்தே வந்து சாமான் வாங்குவாராம். வருஷத்துக்கு இரண்டு கடிதம் இங்கிருந்துதான் போடுவாராம். அந்தத் தபால்பெட்டிக்கு முன் அம்மாள் கொஞ்ச நேரம் நின்றார். கடைத்தெருவில் நான் அவருக்கு மரியாதைத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வீட்டை விட்டு, கடையை விட்டு இறங்கும்போது 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாறேன்' என்று சொல்ல வேண்டும். அம்மாளுக்கு அது உடனே பிடிபட்டது. வெற்றிலைக் கடை, சைக்கிள் கடை, சவுளிக்கடை என்று ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, "போயித்து வாரேன்" என்றார். கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டலில் ரசவடை தின்னும்போதுதான், "பெட்டிக்குள்ளே தொப்பி இருந்துகொண்டிருந்ததா?" என்று கேட்டேன். அம்மாள் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். காலியாக இருந்தது. உள்ளே வெள்ளைப் பட்டு. மூடியின் உட்புறம் ஒரு பித்தளைத் தகடு. அதில் அண்ணனின் பெயர்.

எனக்குப் புரிய வேண்டும் என்று சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னார். அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. மகன் இறந்த செய்தி ஒரே வரியில் வந்தது. சொந்தம் என்று ஒரு ஆள் பக்கத்தில் இல்லாமல், எங்கோ ஒரு மணலில், அநாதையாகச் செத்தான் என்று அம்மா தினமும் அழுகிறாள். 'அவனைக் கொண்டு வா, என் பக்கத்தில் படுக்கட்டும்' என்று அனுப்பியிருக்கிறாள். மேலிடத்தில் அனுமதி வாங்கியாயிற்று. நாளை ஊர்க்காரர்களிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ரசவடை அதற்கு மேல் இறங்கவில்லை. பெற்றவள் கேட்கிறாள், யார் மறுக்க முடியும்? ஆனால் ஒரு ஊரின் நடுவில் நின்றுகொண்டு, உங்கள் சாமியாரைத் தோண்டி எடுக்க வந்திருக்கிறோம் என்று என் வாயால் சொல்லவா? சாயங்காலம் சிவகாமியிடம் சொன்னேன். "பண்டிதருக்கு இதும் வேணும், இன்னமும் வேணும்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், அந்தத் தாய்க்காரி," என்றாள்.

மூன்றாம் நாள் மணவாளக்குறிச்சி வரை பஸ். அங்கிருந்து மாட்டு வண்டி. மணலில் சக்கரம் பதிந்தது. வண்டிக்காரன் என்னைப் பார்த்து, "எறங்கித் தள்ளும் ஓய்," என்றான். தள்ளினேன். வண்டி நகர்ந்தது, கூடவே என் வேட்டியும் நகர்ந்தது. ஆணியில் மாட்டி முழங்கால் அளவுக்குக் கிழிந்தது. ஸ்பானிஷ் பண்டிதர் கிழிந்த வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி கடியப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

புதுச் சாமியார் வாசலில் வரவேற்றார். அவருக்கு லத்தீன் தெரியும், அம்மாளுக்குத் தெரியாது. கல்லறை கோயிலின் கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சிலுவை. அம்மாள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு முழந்தாளிட்டார். வள்ளங்கள் கரை சேர்ந்த நேரம். மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிய பெண்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள்.

முன்னால் வந்தவள் பெயர் திரேசம்மை. நாற்பது வயது, நல்ல உயரம், சந்தை முழுக்கக் கேட்கிற குரல். "சாரே, இவிய ஆராக்கும்?" என்று கேட்டாள்.

"அந்தோணிச் சாமியாருக்கு உடம்பிறந்த தங்கச்சி," என்றேன். பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

திரேசம்மை தலைச்சுமையை இறக்கி மணலில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். அவள் போய் அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஒன்றும் பேசாமல் நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் விலகியதும் அடுத்தவள். அவளுக்குப் பின் அடுத்தவள். வலை உதறிக்கொண்டிருந்த ஆண்களும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள்.

அவர்கள் துட்டி கேட்கிறார்கள். இறந்தவரின் சொந்தத்தைக் கைபிடித்துத் துக்கம் விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எத்தனை வருஷம் ஆனாலும் கேட்காத துட்டி கடன்தான். கண்ட இடத்தில் கேட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு கண்டிப்பான முறையும் உண்டு. கேட்டு முடித்தால் சொல்லிக்கொள்ளாமல் நடந்துவிட வேண்டும். துட்டி வீட்டில் 'போயிட்டு வாறேன்' என்ற பேச்சு மட்டும் வாயில் வரக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். விவரம் தெரியாத பிள்ளைகள் சொன்னால்கூட வாயைப் பொத்துவார்கள்.

"மூணு வருசமாச்சு சாரே," என்றாள் திரேசம்மை. "இந்த ஊருல அவருக்குச் சொந்தம்னு ஆரு இருக்கா? ஆரு கையப் புடிச்சுக் கேக்க? அவனவன் நெஞ்சுல வச்சிக்கிட்டு அலைஞ்சோம்."

அம்மாள் மிரண்டு போயிருந்தார். "என்ன சொல்கிறார்கள்? ஏன் அழுகிறார்கள்?" என்று என் சட்டையைப் பிடித்தார். என்ன சொல்வேன்? துட்டிக்கு ஸ்பானிஷ் என் புத்தகத்தில் இல்லை. "சாமியார் எப்படி இருப்பாரு, சொல்லுங்க. நான் இவியளுக்குச் சொல்லுகேன்," என்றேன் கூட்டத்தைப் பார்த்து.

ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"விடியுமுன்ன கரைக்கு வந்து நிப்பாரு. நீச்சல் தெரியாது. ஆனாலும் முட்டளவு தண்ணில எறங்கி வள்ளம் தள்ளுவாரு."

"பாடுவாரு. அய்யோ, அந்தப் பாட்டு! காக்கா பறந்திரும்."

"பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கிட்டே உறங்கிருவாரு. நாங்க செஞ்ச பாவம் பூராத்தையும் சொல்லி முடிச்ச பொறவு பைய எழுப்பி விடுவோம்."

"நெத்திலிக் கருவாடு இல்லாம கஞ்சி குடிக்க மாட்டாரு."

நிற்பாரு, தள்ளுவாரு, பாடுவாரு, உறங்குவாரு. நான் கேட்டுக்கொண்டே ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு போனேன். ஐந்தாறு வாக்கியம் போன பிறகுதான் உறைத்தது. மூன்று நாளில் முதல் தடவையாக என் வாயில் தப்பே வரவில்லை. கறையான் மிச்சம் வைத்த அந்த ஒரு காலம்தான் இங்கே வேண்டியிருந்தது. 'தோர்மியா' என்று நான் சொன்னபோது அம்மாள் சிரித்துவிட்டார். "வீட்டிலும் ஜெபமாலை நேரத்தில் உறங்குவான். அம்மா தொடையில் கிள்ளுவாள்," என்றார். அதைத் தமிழில் சொன்னேன். கடற்கரையே சிரித்தது.

பிறகு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

கேட்டேன். ஒரு மீனவர் சொன்னார்: "எட்டு நாளு காய்ச்சல். எட்டு நாளும் இந்தக் கரையில ஒரு வள்ளமும் எறக்கல்ல சாரே. நல்ல சாளை ஓட்டமாக்கும். ஆருக்கும் மனசு வரல்ல. பொண்ணுங்க உள்ள இருப்பா, நாங்க வெளிய இருப்போம்."

அதையும் எனக்குத் தெரிந்த காலத்தில் சொன்னேன். எட்டு நாள் வள்ளங்கள் கரையில் கிடந்துகொண்டிருந்தன. கடலில் மீன் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அவரோடு இருந்துகொண்டிருந்தது. அம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

திரேசம்மையின் கண் பெட்டியின் மேல் விழுந்தது. "இது என்னத்துக்கு சாரே?"

இனி ஒளிக்க வழியில்லை. சொன்னேன். கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தாயின் வயதையும் அழுகையையும் சேர்த்துச் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

திரேசம்மை முகத்தைத் துடைத்தாள். "பெத்தவ கேக்காளே, இல்லண்ணு சொல்ல நாம ஆரு? கொண்டு போட்டும்," என்றாள். குரல் சந்தைக் குரல் இல்லை. "ஒண்ணே ஒண்ணு. கடல்ல கெடக்கவனும் வந்து ஒரு தடவ பாக்கட்டும். ஒரு நாளு பொறுக்கச் சொல்லும் சாரே."

அதற்குள் இன்னொருத்தி எனக்கு ஒரு முழு இளநீரைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "சாரு சைவமாக்கும். எங்க பாத்திரம் வேண்டாம், நீரே வெட்டிக் குடியும்," என்றாள். நான் கேட்காமலே என்னை விலக்கி வைத்துக் கொடுத்த மரியாதை. சுள்ளென்று இருந்தது. கூஜாவைக் காலால் மணலுக்குள் தள்ளினேன். "கருப்பட்டிக் காப்பி இருந்தா, உங்க கிளாசுலயே ஒண்ணு தாருங்க," என்றேன். லேசாக மீன் வாசம் அடித்தது. முழுசும் குடித்தேன். செத்துப்போகவில்லை.

திரேசம்மை சம்மதித்ததையும், ஒரு நாள் கேட்டதையும் அம்மாளிடம் சொல்லி முடித்தேன். அவர் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். பெட்டியை மூடினார். சிலுவையில் கையை வைத்து, அண்ணனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்புறம் திரும்பி, சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, தெளிவான தமிழில் சொன்னார்.

"போயித்து வாரேன்."

பெண்கள் வாயில் கையை வைத்துவிட்டார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். துட்டி கேட்ட இடத்தில், கல்லறைக்கு எதிரில்! சொல்லிக்கொடுத்த மகாபாவி நான். கடைத்தெருவில் ஊர்வலம் விட்டபோது, இன்ன இடத்தில் சொல்லக்கூடாது என்று சொல்லித் தந்தேனா? "அய்யோ, அவியளுக்குத் தெரியாது, நான்தான், நான்தான்..." என்று உளறினேன்.

திரேசம்மை கையை உயர்த்தி என்னை அடக்கினாள். அம்மாளையே பார்த்தாள். மூடின பெட்டியைப் பார்த்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"சும்ம கெடயும் சாரே. துட்டி வீடுண்ணாதான் அதச் சொல்லப்பிடாது. இது அவளுக்க அண்ணன் வீடு." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். அது பழைய சந்தைக் குரல். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? போயிட்டு வாண்ணு சொல்லுங்க மக்கா!"

ஊரே சொன்னது.

அண்ணனை அங்கேயே விட்டுப் போகிறவரின் பெட்டியைக் காலியாக அனுப்ப அவர்களுக்கு மனசு வரவில்லை. சாமியாருக்கு உயிரான நெத்திலிக் கருவாட்டை வெள்ளைப் பட்டின் மேல் ஓலை விரித்து நிரப்பி, "அம்மைக்குக் குடுங்க," என்று கட்டினார்கள். அம்மாள் களைத்திருந்தார். மூன்று நாளாகத் தராத பெட்டியைத் தானாக என் கையில் கொடுத்தார். மணவாளக்குறிச்சியிலிருந்து தக்கலை வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் முன் சீட்டில் இருந்தார். மோப்பம் பிடித்து, திரும்பி என்னைப் பார்த்து, கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த கல்யாணத்தில் என்னைப் பந்தியில் உட்கார வைப்பார்களா என்று தெரியவில்லை. அம்மாள் ஜன்னலில் சாய்ந்து, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் இப்படித்தான் உறங்குவார் போலிருக்கிறது.

அவரைத் தங்குமிடத்தில் விட்டு வீட்டுக்கு வந்தேன். சிவகாமி வாசலிலேயே மறித்தாள். மூக்கைப் பொத்தினாள், கிழிந்த வேட்டியைப் பார்த்தாள். "என்ன கோலம் இது? அடிச்சுப்போட்டாவளா? கூஜா எங்க?"

"துட்டி கேட்ட எடத்துலேருந்து வாறேன்," என்றேன்.

"அப்பம் உள்ள வரப்பிடாது. கெணத்தடிக்குப் போங்க. தலையோட தண்ணி விட்டுட்டு வாங்க."

"இல்லட்டி, அது துட்டி வீடு இல்ல," என்றேன். "அந்த மனுசன் இன்னும் அங்கதான் இருக்காரு. தங்கச்சி போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கா. துட்டிக் குளி வேண்டாம்."

சிவகாமி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே விட்டாள்.

"சரி, துட்டிக்கு வேண்டாம்," என்றாள். "கருவாட்டுக்குக் குளியுங்க."